காப்பி செய்தால் எப்போதாவது கெட்டுப்போகும் ஃபைல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாண ஸ்டுடியோக்காரர்கள், கிரானைட் ஆபீஸ் கணக்குப்பிள்ளைகள், மாங்கூழ் கம்பெனியில் பில் போடுபவர்கள், ஜெராக்ஸ் கடைக்காரர்கள் என்று பலரும் இதே புகாரோடு வருகிறார்கள். ஃபைலை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் காப்பி செய்கிறார்கள். பத்துக்கு ஒன்பது நன்றாக இருக்கிறது, ஒன்று மட்டும் கரப்ட். எது கெடும், எப்போது கெடும் என்று சொல்ல முடிவதில்லை. அப்படி வருபவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

காப்பி முழுதாக முடிந்தது, எர்ரர் எதுவும் வரவில்லை. அப்படியிருந்தும் ஃபைல் எப்படிக் கெடும்?

விண்டோஸ் காப்பி செய்து முடித்ததும், எழுதியது சரியா என்று திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை. "எழுது" என்று சொன்னது, டிஸ்க் "எழுதிவிட்டேன்" என்றது, அதோடு வேலை முடிந்தது.

டேட்டா போகும் வழியைப் பாருங்கள். பழைய டிஸ்க்கிலிருந்து கேபிள் வழியாக ரேமுக்கு வருகிறது, ரேமிலிருந்து இன்னொரு கேபிள் வழியாகப் புது டிஸ்க்குக்குப் போகிறது. டிஸ்க்கில் ஒவ்வொரு செக்டாருக்கும் பிழை திருத்தும் குறியீடு உண்டு. உள்ளே டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில் போகும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சிஆர்சி சோதனை, அதாவது டேட்டாவோடு சேர்த்து அனுப்பும் சரிபார்ப்பு எண், உண்டு. யூஎஸ்பியிலும் உண்டு. இந்த வழியில் காவல் இல்லாத இடம் ரேம்தான். சர்வர்களில் போடும் இசிசி ரேம் தவறைக் கண்டுபிடித்துத் திருத்தும். நம் வீட்டிலும் ஆபீஸிலும் இருக்கும் சாதாரண கம்ப்யூட்டரில் பெரும்பாலும் அது இருக்காது. ரேமில் ஒரு பிட் (0 அல்லது 1 என்ற மிகச் சின்னத் துண்டு) மாறிவிட்டால், மாறிய டேட்டாவை டிஸ்க் மிகச் சரியாக, அதற்கான சரியான குறியீட்டோடு எழுதி வைக்கும். விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான (ஃபைல் சிஸ்டம்) என்டிஎஃப்எஸ், ஃபைலின் உள்ளடக்கத்துக்கு செக்சம் என்ற சரிபார்ப்பு எண் வைப்பதில்லை, அதனால் பிறகும் யாருக்கும் தெரியாது.

அதனால்தான் இந்தப் புகாரோடு வரும் மெஷினில் நான் முதலில் சந்தேகப்படுவது ரேமை. வருபவர்கள் முக்கால்வாசிப் பேர் ஹார்டு டிஸ்க்கை மாற்றிவிட்டுத்தான் வருகிறார்கள்.

நிஜமாகவே கெட்டதா என்று எப்படி உறுதி செய்வது? ஃபைல் சைஸ் ரெண்டிலும் ஒன்றாகத்தானே இருக்கிறது?

சைஸ் ஒன்றாக இருப்பது எதையும் நிரூபிக்காது. பிட் மாறினால் சைஸ் மாறாது. ஹேஷ், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு வரும் கைரேகை மாதிரியான ஒரு வரி, எடுத்துப் பாருங்கள். 7-ஜிப் போட்டிருந்தால் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்யும் மெனுவிலேயே எஸ்எச்ஏ-256 என்ற ஹேஷ் வகை இருக்கும். 64 எழுத்து, எண் கொண்ட ஒரு வரி கிடைக்கும். ஒரிஜினலுக்கும் காப்பிக்கும் அந்த வரி ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்று. ஒரு பிட் மாறியிருந்தாலும் வரி மொத்தமாக மாறிவிடும், அதனால் முதல் ஐந்தாறு எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஜிப், ரார் ஃபைல்களுக்குள்ளேயே சிஆர்சி இருக்கிறது. அதனால் கெட்டால் உடனே "சிஆர்சி எர்ரர்" என்று கத்தும். ஜேபெக் படத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. பாதிக்குக் கீழே சாம்பல் பட்டை, அல்லது ஒரு கோட்டுக்குப் பிறகு மணப்பெண் முகமெல்லாம் பச்சை என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். சில நேரம் அதுகூடத் தெரியாது. "போட்டோ எல்லாம் நல்லா இருக்கு, ஜிப் மட்டும்தான் கெடுது" என்று சொல்பவர்களின் போட்டோக்களிலும் கெட்டவை இருக்கும், அவை வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

காப்பி செய்த உடனே ஹேஷ் பார்த்தேன், சரியாக இருந்தது. மறுநாள் பார்த்தால் தப்பாக இருக்கிறது. ராத்திரியில் தானாகவா கெட்டது?

அநேகமாக இல்லை. காப்பி செய்த உடனே நீங்கள் படித்தது டிஸ்க்கிலிருந்து அல்ல. சற்று முன் எழுதிய டேட்டா ரேமில் கேஷாக (தற்காலிகப் பிரதியாக) இருக்கும், விண்டோஸ் அதையே எடுத்துக் கொடுத்துவிடும். டிஸ்க்கில் என்ன விழுந்தது என்பது அப்போது தெரியாது. பென்டிரைவ் என்றால் முறைப்படி எஜெக்ட் செய்து, கழற்றி, மறுபடி சொருகிச் சோதியுங்கள். உள்ளே இருக்கும் டிஸ்க் என்றால் ரீஸ்டார்ட் செய்துவிட்டுச் சோதியுங்கள். இந்த ஒரு விஷயம் தெரியாததால் பலர் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவின் ஹேஷ் மாறுகிறதே, அதுவும் கரப்ட்தானா?

இல்லை. போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்பும், ஹேஷ் மாறியே தீரும். டாகுமென்டாக அனுப்புங்கள், அப்படியே போகும்.

ரேமா, டிஸ்க்கா, கேபிளா என்று பிரிப்பது எப்படி?

ஒரு பெரிய ஃபைல் வேண்டும், கம்ப்யூட்டரில் இருக்கும் ரேமைவிடப் பெரியதாக. 8 ஜிபி ரேம் என்றால் 10 அல்லது 12 ஜிபி ஃபைல். எதையும் காப்பி செய்யாமல், அந்த ஒரே ஃபைலுக்கு இரண்டு மூன்று முறை ஹேஷ் எடுங்கள். சின்ன ஃபைலாக இருந்தால் இரண்டாம் முறை கேஷிலிருந்தே வந்துவிடும், அதனால்தான் பெரிய ஃபைல் கேட்கிறேன்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஹேஷ் வந்தால், எழுதுவதில் கோளாறு இல்லை, படித்து வைத்துக்கொள்ளும் இடத்திலேயே கோளாறு. ரேமும் ப்ராசஸரும் முதல் வரிசை. ஹேஷ் மாறாமல் ஒன்றாகவே வந்து, காப்பி மட்டும் தப்பாக இருந்தால், போய்ச் சேரும் பக்கத்தைப் பாருங்கள்: அந்த டிஸ்க், அந்த போர்ட், அந்த கேபிள்.

அப்புறம் கெட்ட காப்பியையும் ஒரிஜினலையும் பைட் பைட்டாக ஒப்பிட வேண்டும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் எஃப்சி என்ற கட்டளை இருக்கிறது. அதோடு ஸ்லாஷ் பி சேர்த்து இரண்டு ஃபைல் பெயரையும் கொடுத்தால், வித்தியாசப்படும் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு வரி வரும். முதலில் ஃபைலில் அது இருக்கும் இடம், அடுத்து ஒரிஜினலில் என்ன, காப்பியில் என்ன. இதைப் படிக்கத் தெரிந்தால் பாதி நோய் தெரிந்த மாதிரி.

ஒரு ஸ்டுடியோ மெஷினில் வந்த மாதிரி உதாரணம் சொல்கிறேன். பல ஜிபி ஃபைலில் வித்தியாசம் மொத்தம் மூன்றே வரி. ஒன்றில் 41 இருந்த இடத்தில் 45. இன்னொன்றில் 20 இருந்த இடத்தில் 24. மற்றொன்றில் 63 இருந்த இடத்தில் 67. மூன்றிலும் வித்தியாசம் 4, அதாவது ஒரே ஒரு பிட், மூன்று தடவையும் அதே பிட். எஃப்சி எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும், 9-க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை வரும், பி என்றால் 11. இடத்தைக் காட்டும் எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்தால் 3 அல்லது பி என்றே வருகிறது. ரேமின் டேட்டா பாதை 64 பிட் அகலம், அதாவது 8 பைட். பதினாறடிமானக் கணக்கில் 3-க்கும் பி-க்கும் நடுவே இருப்பது சரியாக 8. எப்போதும் அதே வரிசை, அதே பிட் என்றால் ரேம் குச்சியில் ஒரு சிப்போ, ஒரு காலோ (பின்) சரியில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அப்படி இல்லாமல் 512 அல்லது 4096 பைட் நீளத்துக்கு வரிசையாக வெறும் பூஜ்யமாக வந்தால், அந்தத் துண்டு எழுதப்படவே இல்லை. பென்டிரைவைப் பாதியில் பிடுங்கியது, கரண்ட் போனது, போலி மெமரி கார்டு, ஃபைல் சிஸ்டம் கோளாறு, இவற்றில் ஒன்று. சாஃப்ட்வேரே இப்படிச் செய்ததும் உண்டு. 2023 நவம்பரில் ஓப்பன்இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில், காப்பி செய்த ஃபைலில் சில பகுதிகள் பூஜ்யமாகிவிடும் பிழை வெளிப்பட்டு, அவசரமாகத் திருத்தினார்கள். பூஜ்யத்துக்குப் பதிலாக வேறொரு ஃபைலின் துண்டு நடுவில் கிடந்தால் போலி கார்டு, அல்லது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று பென்டிரைவ், கார்டுகளில் குறித்து வைக்கும் ஃபாட் அட்டவணை குழம்பிவிட்டது.

எஃப்சி ஓட்டினால் பல்லாயிரம் வரி ஓடுகிறதே?

ஒரு இடத்துக்குப் பிறகு எல்லாமே வித்தியாசம் என்றால், அந்த இடத்தில் பைட் கூடியோ குறைந்தோ போய் மீதி எல்லாம் தள்ளிப்போயிருக்கிறது. சைஸும் மாறியிருக்கும். நெட்வொர்க் வழியாக ஃபைல் அனுப்பும் எஃப்டிபியில் டெக்ஸ்ட் மோடில் அனுப்பினால் இப்படி ஆகும். பைனரி மோடுக்கு மாற்றுங்கள்.

ரேமை எப்படிச் சோதிப்பது?

மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதிக்கும் மென்பொருள் இலவசம். பென்டிரைவில் போட்டு, விண்டோஸுக்குள் போகாமல் அதிலிருந்தே பூட் செய்யுங்கள். 2022-ல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த பூட் முறை) உள்ள புது மெஷின்களிலும் ஓடுகிறது. விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக்கும் இருக்கிறது, ஆனால் அதில் பாஸ் ஆன ரேம் மெம்டெஸ்டில் மாட்டுவதுண்டு.

ராத்திரி கடை சாத்தும்போது ஓடவிட்டு, காலையில் வந்து பாருங்கள். குறைந்தது நாலு சுற்றாவது முடியட்டும். ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் அது எர்ரர்தான். "ஒண்ணுதானே அண்ணா, ஓட்டிக்கலாமா?" என்று கேட்பார்கள். கல்யாண ஆல்பமும் வங்கிக் கணக்கும் இருக்கும் மெஷினில் ஓட்டக்கூடாது.

எர்ரர் வந்தால் உடனே ரேமைத் தூக்கி எறிய வேண்டாம். எல்லாக் குச்சிகளையும் கழற்றி, ஒன்றை மட்டும் போட்டுச் சோதியுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் அடுத்தது. எந்தக் குச்சி போட்டாலும் ஒரே ஸ்லாட்டில்தான் எர்ரர் என்றால் கோளாறு ஸ்லாட்டில். இந்த ஊர்ப்பக்கம் இதை அலட்சியப்படுத்தக்கூடாது. கிரானைட் பட்டறைக்குப் பக்கத்து ஆபீஸ்களிலிருந்து வரும் கேபினெட்டைத் திறந்தால் வெள்ளை மாவு ரேம் ஸ்லாட் வரைக்கும் இறங்கியிருக்கும். ப்ளோயரில் ஊதி, ரேமின் தங்க விளிம்பை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, டக் என்று சத்தம் வரும்வரை அழுத்திப் போட்டதும் சரியாகிவிட்ட மெஷின்கள் உண்டு. பென்சில் ரப்பரால் தேய்ப்பது கடைகளில் வழக்கம். வேலை செய்யும்தான், ஆனால் ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் போகும், முலாமும் தேயும்.

ரேம்தான் என்று உறுதியானால் பில்லைத் தேடுங்கள். பல பிராண்டுகள் ரேமுக்கு நீண்ட கால வாரண்டி தருகின்றன.

பெங்களூரில் செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கினேன். வாங்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அங்கே கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்பதால் இங்கே பாதி ஆபீஸ்களில் அந்த மெஷின்தான். கம்பெனிகள் கழித்துக் கட்டும் கம்ப்யூட்டர்கள் தரமானவைதான். பிரச்சினை, விற்பவர் அதில் கூட்டிப்போடும் ரேம். 4 ஜிபியோடு வந்த மெஷினில் வேறு பிராண்டு, வேறு வேகம் கொண்ட ஒரு குச்சியைச் சேர்த்து "8 ஜிபி" என்று கொடுத்திருப்பார்கள். சேர்ந்து ஓடும். ஆனால் எல்லா ஜோடியும் ஒழுங்காக ஓடாது. சேர்த்த குச்சியைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

புது மெஷின் என்றால் பயாஸில் (மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி போட்டிருக்கிறதா பாருங்கள். பெட்டியில் 3200 அல்லது 3600 என்று எழுதியிருக்கும் வேகத்துக்கு ரேமை ஏற்றிவிடும் அமைப்பு அது. நான்கு ஸ்லாட்டும் நிரம்பியிருந்தால் அந்த வேகம் சில மதர்போர்டுகளுக்குத் தாங்காது. ஆஃப் செய்துவிட்டு மெம்டெஸ்டைத் திரும்ப ஓட்டுங்கள். எர்ரர் போய்விட்டால் ரேம் நல்ல ரேம், வேகம்தான் கூடுதல். காப்பியில் நீங்கள் அந்த வித்தியாசத்தை உணரப்போவதில்லை.

ஏன் சில நேரம் மட்டும் கெடுகிறது? மத்தியானம் அதிகமாக வருகிற மாதிரி இருக்கிறதே?

கெட்ட இடம் ரேமின் ஒரு மூலையில் இருக்கும். அந்த மூலைக்கு டேட்டா போனால்தான் கெடும். சின்ன லெட்டர் டைப் செய்து சேமிக்கும்போது அங்கே போகவே போகாது. 50 ஜிபி வீடியோவைத் தள்ளும்போது கேஷ் ரேம் முழுக்கப் பரவும், மாட்டிக்கொள்ளும்.

வெயில் விஷயமும் உண்மைதான். ரேம் செல்களில் சார்ஜ் கசிந்துகொண்டே இருக்கும், வழக்கமாக 64 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவு வேகமாகும். 85 டிகிரிக்கு மேலே போனால் இரண்டு மடங்கு அடிக்கடி புதுப்பிக்க வேண்டும் என்றே விதி. ஓரத்தில் நிற்கும் பலவீனமான செல் சித்திரை மத்தியானத்தில் விழும், மார்கழிக் காலையில் தேறிவிடும். அதனால் சோதனையையும் சூட்டில் செய்யுங்கள்.

மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடியது, எர்ரர் இல்லை. ஆனாலும் கெடுகிறது.

ரேமுக்கு நற்சான்று கிடைத்துவிட்டது, மற்றவற்றுக்குக் கிடைக்கவில்லை. ப்ரைம்95 போட்டு ப்ராசஸரைச் சோதியுங்கள். கணக்கில் தவறு வந்தால் அதுவே நின்று சொல்லிவிடும். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சிலவற்றில் வோல்டேஜ் கூடிப்போய்ச் சிப்பே பழுதாகும் சிக்கல் இருந்தது. ஜிப் பிரிக்கும்போது எர்ரர் வருவது அதன் அறிகுறிகளில் ஒன்று. 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (ப்ராசஸருக்கு உள்ளேயே ஓடும் கட்டளைகள்) திருத்தம் வந்தது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். அந்தத் தலைமுறை என்றால் பயாஸை அப்டேட் செய்யுங்கள். ஏற்கனவே பழுதான சிப்பை அப்டேட் சரிசெய்யாது, வாரண்டியில்தான் மாற்ற வேண்டும்.

மதர்போர்டின் சிப்செட்டே தப்பு செய்ததும் உண்டு. 2001 வாக்கில் வியா என்ற சிப் கம்பெனியின் 686பி சிப் இருந்த போர்டுகளில் ஒரு ஹார்டு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் பெரிய ஃபைல் காப்பி செய்தால் கெட்டுப்போகும். சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டு போட்டிருந்தால் இன்னும் அதிகம். டிஸ்க், ரேம், கேபிள் எல்லாம் நல்லவை. பயாஸ் திருத்தமும் டிரைவர் திருத்தமும் வந்த பிறகுதான் அடங்கியது. பயாஸ் அப்டேட்டை "எதுக்கு அண்ணா, ரிஸ்க்கு" என்று தள்ளுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள்.

ஹார்டு டிஸ்க்கில் என்ன பார்க்க வேண்டும்?

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்பு, பாருங்கள். 5, 197, 198 ஆகிய எண்களில் பூஜ்யம் அல்லாமல் ஏதாவது ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. 199 ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் சாட்டா கேபிள். நூறு ரூபாய்க்கும் இருநூறுக்கும் கிடைக்கும் கேபிளை மாற்றிவிடுங்கள். டிஸ்க் கெடும்போது பொதுவாக அது சொல்லிவிட்டுத்தான் கெடும்: காப்பி பாதியில் நிற்கும், மெதுவாகும், ரீட் எர்ரர் வரும். சத்தமில்லாமல் தப்பான டேட்டாவைக் கொடுப்பது டிஸ்க்கின் வழக்கம் அல்ல.

சந்தையில் 1 டிபி பென்டிரைவ் மலிவாகக் கிடைத்தது.

அநேகமாகப் போலி. உள்ளே 32 ஜிபி மாதிரிச் சின்ன சிப்தான் இருக்கும், கன்ட்ரோலரை மாற்றி 1 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். அந்த 32 ஜிபி வரை ஒழுங்காக எழுதும். அதற்கு மேல் எழுதுவதைக் காற்றில் விட்டுவிடும், அல்லது பழையதன் மேலேயே எழுதும். ஃபைல் பெயரும் சைஸும் பளிச்சென்று தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லும். ஸ்டுடியோக்காரர்களே, புது மெமரி கார்டை முகூர்த்தத்துக்குக் கொண்டுபோகும் முன் இதைச் செய்யுங்கள்.

கேபினெட்டின் முன்பக்க யூஎஸ்பியில் போட்டால்தான் கெடுகிறது.

பின்பக்கத்தில் போடுங்கள். முன்பக்கத்துக்கு உள்ளே மெல்லிய வயர் போகிறது, பவரும் சிக்னலும் அதில் குறையும். யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியரும், 3.0 போர்ட் 900-மும்தான் தரவேண்டும் என்பது கணக்கு. எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கை பவர் இல்லாத ஹப்பில் மாட்டினால் நடுவில் கழன்று கழன்று சேரும்.

எங்கள் ஊரில் மோட்டார் ஓடினால் வோல்டேஜ் விழும். அதனால் இருக்குமா?

இருக்கலாம், ஆனால் அது வேறு விதமாகக் கெடுக்கும். கரண்ட் சிக்கலில் ஃபைல் பாதியில் நிற்கும், ஃபோல்டர் காணாமல் போகும், டிஸ்க் திடீரென்று மறையும். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு பிட் மாறுவது நேரடியாகக் கரண்டால் வருவது குறைவு. உப்பிய கெபாசிட்டரோடு எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை) ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் அதுவும் நடக்கும். வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவியான செக்டிஸ்க் ஓட்டலாமா?

ரேம் சோதனை முடியும் வரை வேண்டாம். செக்டிஸ்க் ஃபைலின் உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை, ஃபோல்டர் அட்டவணையைத்தான் பார்க்கும். கெட்ட ரேமோடு ஓட்டினால் நன்றாக இருக்கும் அட்டவணையைத் தப்பு என்று நினைத்து "திருத்தி" வைத்துவிடும். துண்டு துண்டாகக் கிடக்கும் ஃபைல்களை ஒழுங்காக அடுக்கும் டீஃபிராக்கும் அப்படியே. இருக்கும் எல்லா ஃபைலையும் கெட்ட ரேம் வழியாக ஒரு சுற்று அனுப்பித் திரும்ப எழுதும் வேலை அது.

ஏற்கனவே கெட்ட ஃபைலை மீட்க முடியுமா?

ஒரிஜினல் இருந்தால் வேறு நல்ல மெஷினில் வைத்துத் திரும்ப எடுங்கள். அதனால்தான், ஹேஷ் பார்க்காமல் கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன்.

ஒரிஜினல் இல்லை, ஆனால் தனித்தனி நேரத்தில் நேராக ஒரிஜினலிலிருந்து எடுத்த மூன்று காப்பி இருக்கிறது என்றால் வழி உண்டு. மூன்றும் கெட்டிருந்தாலும், ஒரே பைட்டில் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. மூன்றையும் ஒப்பிட்டு, இரண்டு ஒத்துப்போகும் பைட்டை எடுத்துக்கொண்டால் நல்ல ஃபைல் கிடைத்துவிடும். ஒரு காப்பியிலிருந்து இன்னொரு காப்பி எடுத்திருந்தால் இது பலிக்காது.

பேக்கப் வைத்திருக்கிறேன், பயமில்லைதானே?

பேக்கப்பை எடுத்ததும் இதே மெஷின்தானே. கோளாறு எப்போது ஆரம்பித்தது என்று தெரியாத வரை அந்தப் பேக்கப்பும் சந்தேகத்துக்குரியதுதான். பழைய பேக்கப் மேல் புதியதை எழுதுவதை இன்றே நிறுத்துங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய பேக்கப் இருந்தால், மாறியிருக்கவே கூடாத ஃபைல்களை, பழைய கல்யாணப் படங்கள், ஸ்கேன் செய்த பட்டா போன்றவற்றை, இப்போதைய காப்பியோடு ஹேஷ் வைத்து ஒப்பிடுங்கள். எந்தத் தேதி பேக்கப்பிலிருந்து மாறத் தொடங்குகிறதோ அதற்கு முந்தையதை நம்பலாம். இந்த ஒப்பீட்டையும் வேறு கம்ப்யூட்டரில் செய்யுங்கள்.

இனிமேல் எந்த சாஃப்ட்வேரில் காப்பி செய்வது?

டெராகாப்பி அல்லது ஃபாஸ்ட்காப்பி, இரண்டிலும் வெரிஃபை வசதி இருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் என்றால் ஆர்சிங்க் என்ற காப்பி கட்டளை போதும், முடிந்த பிறகு செக்சம் தேர்வோடு இன்னொரு முறை ஓட்டுங்கள். நேரம் கூடத்தான் எடுக்கும். நீண்ட நாள் வைக்க வேண்டியதை வின்ராரில் ரெக்கவரி ரெக்கார்டு சேர்த்துக் கட்டி வையுங்கள், கொஞ்சம் கெட்டாலும் அதுவே ஒட்டுப்போட்டுக்கொள்ளும். ஆனால் ரேமைச் சரிசெய்யாமல் இதையெல்லாம் செய்தால், கெட்டதைத்தான் பத்திரமாகக் கட்டி வைப்பீர்கள். முதலில் மெம்டெஸ்ட்.